மெனோர்காவைச் சுற்றி மவுண்டன் பைக்கில்: கிலோமீட்டரை விட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்

மெனோர்கா தீவின் கரையை முழுசாகச் சுற்றிவரும் கமி தெ கவால்ஸ் பாதையின் நீளம் 185 கிலோமீட்டர். மவுண்டன் பைக் ஓட்டும் பலர் இந்த எண்ணைப் பார்த்ததும் "சரி, ரெண்டு நாள் போதும்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தீவிலேயே உயரமான மோன்தே தோரோ குன்று 358 மீட்டர்தான் என்று தெரிந்தால் அந்தத் தைரியம் இன்னும் கூடுகிறது. சில வருடங்களாக வெவ்வேறு பருவங்களில், சில சமயம் முழுச் சுற்றாகவும் சில சமயம் துண்டுதுண்டாகவும், இந்தப் பாதையில் ஓட்டி வருகிறேன். தூரமும் ஏற்றமும் இங்கே பெரிய விஷயமே இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அடுத்த தண்ணீர் எங்கே, பாதையிலிருந்து ஊருக்குள் போகும் சாலை எங்கே பிரிகிறது. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு திட்டம் போட்டால் ஐரோப்பாவில் இதைவிட நல்ல கரையோரச் சவாரி கிடைப்பது கஷ்டம் என்பேன்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெனோர்கா, ஸ்பெயினின் பலேயரிக் தீவுகளில் ஒன்று. கடல்வழியாக வரும் எதிரிகளைக் கண்காணிக்கக் குதிரை வீரர்கள் சுற்றிவந்த பழைய பாதை இது. பின்னாளில் பல பகுதிகள் பண்ணை வேலிகளுக்குள் அடைபட்டன. பொதுவழியாகத் திரும்ப வேண்டும் என்று மக்கள் போராடி, 2000-ல் பலேயரிக் சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2010-ல் முழுச் சுற்றும் திறந்தது. இன்றைக்கு அது நீண்டதூர நடைபாதைகளுக்கான ஜிஆர் வரிசையில் 223 என்ற எண்ணோடு 20 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வழி நெடுக மரக் கம்பங்கள் நடப்பட்டிருக்கிறது. நடப்பவர், குதிரையில் வருபவர், சைக்கிள்காரர் எல்லோருக்கும் உரிமை உண்டு. நாம்தான் மற்ற இருவருக்கும் வழிவிட வேண்டும். பாதை இப்போதும் பண்ணை நிலங்கள் வழியாகத்தான் போகிறது என்பதால் காட்டு ஒலிவ மரத்தில் செய்த வளைந்த கதவுகள் அடிக்கடி குறுக்கே வரும். இறங்கி, திறந்து, மறக்காமல் சாத்திவிட்டுப் போங்கள். உள்ளே மாடு மேய்கிறது. கதவுக்காக இறங்கி ஏறுவதும் நேரக் கணக்கில் சேரும்.

பகுதி எண்கள் கிழக்கே மஹோன் துறைமுகத்தில் தொடங்கி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வடகரை வழியாகப் போகின்றன. நானும் அந்தத் திசையைத்தான் பரிந்துரைப்பேன். கடினமான வடக்கு, உடம்பு புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடும். எனக்குப் பொருந்திய பிரிப்பு நான்கு நாள்: மஹோனிலிருந்து ஃபோர்னெல்ஸ் பக்கம் வரை சுமார் 43 கிலோமீட்டர், அங்கிருந்து காலா மொரெல் வரை சுமார் 34, பிறகு காலா கல்தானா வரை 50, கடைசி நாள் மஹோனுக்கு 58. இரண்டாம் நாள்தான் தூரத்தில் குறைவு. ஆனால் களைப்பில் அதுதான் முதலிடம்.

காரணம், பினிமெல்லா கடற்கரைக்கும் காலா மொரெலுக்கும் நடுவில் உள்ள 24 கிலோமீட்டர். பினிமெல்லாவைத் தாண்டியதும் செம்மண் மேடுகள் செங்குத்தாக ஏறிக் கடல்மட்டத்துக்கே இறங்கும், உடனே மறுபடி ஏறும். உருளும் கற்களில் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். நல்ல ஓட்டக்காரர்களும் இங்கே நிறைய தூரம் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். அதனால் பெடல் ஷூ வாங்கும்போது நடக்க வசதியாக, அடியில் நல்ல பிடிப்போடு இருப்பதைப் பாருங்கள். சின்னச் சின்னக் கடற்கரைகளில் பொசிடோனியா என்ற கடற்புல்லின் காய்ந்த இலைகள் மெத்தைபோலக் குவிந்து கிடக்கும். அதில் சக்கரம் புதையும். தூக்கிக்கொண்டு கடக்க வேண்டியதுதான். மணல் அரித்துப் போகாமல் காப்பது அந்தக் குவியல்தான் என்பதால் அதைக் குப்பை என்று யாரும் வையக்கூடாது.

இந்த 24 கிலோமீட்டரில் கடையை நம்பிக் கிளம்பவே கூடாது. வெயில் காலத்தில் நான் மூன்று லிட்டருக்குக் குறையாமல் எடுத்துப் போகிறேன். அது போதாத நாளும் உண்டு. நடுவில் எல்ஸ் அலோக்ஸ் என்ற சிறு விரிகுடாவிலிருந்து ஃபெரேரியெஸ் ஊர்ப்பக்கம் உள்நாட்டுச் சாலை பிரிகிறது. மதியத்துக்குள் அங்கே வந்து சேரவில்லை என்றாலோ, கூட வருபவருக்கு முடியவில்லை என்றாலோ, அதில் இறங்கிவிடலாம். ஜிபிஎஸ் கருவிக்கான ஜிபிஎக்ஸ் வழித்தடக் கோப்பில் பாதையை மட்டும் ஏற்றிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். வெளியேறும் சாலைகளையும் அதே வரைபடத்தில் குறித்துவைத்து, இணையம் இல்லாமலும் திறக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். வடகரைப் பள்ளங்களில் போன் சிக்னல் நிச்சயமில்லை.

அப்புறம் காற்று. வடக்கிலிருந்து வரும் திராமுந்தானா காற்று இங்கே மரங்களையே தெற்குப் பக்கம் சாய்த்து வளர்த்திருக்கிறது. பலமாக அடிக்கும் நாளில் ஃபவாரிச் முனையின் கருநிறப் பலகைப்பாறைகள் மேல் நிமிர்ந்து நிற்பதே பெரும்பாடு. மேற்கே புன்தா நாதி கலங்கரை விளக்கம் ஏன் வந்தது என்று தெரிந்தால் அந்தக் காற்றின் பலம் புரியும். 1910 பிப்ரவரியில் ஜெனரல் ஷான்சி என்ற பிரெஞ்சுப் பயணிக் கப்பல் புயலில் இந்தக் கரையில் மோதி உடைந்தது. பிழைத்தவர் ஒரே ஒருவர். அதற்குப் பிறகுதான் கலங்கரை விளக்கம் எழுந்தது. எனவே வானிலை அறிக்கையில் வடகாற்று பலமாக இருந்தால் நான் திட்டத்தைத் திருப்பிப் போடுகிறேன்: தென்கரையை முதலில் ஓட்டி, காற்று தணிந்ததும் வடக்கு. கப்பல் மஹோனுக்கும் வருகிறது, மேற்கே சியுதாதெல்லாவுக்கும் வருகிறது என்பதால் இதற்கு வசதி இருக்கிறது.

புன்தா நாதியைச் சுற்றி மண்ணே கிடையாது என்று சொல்லலாம். கண்ணுக்கெட்டிய தூரம் கல்லும், கல்லடுக்கிக் கட்டிய மதில்களும், கால்நடைகள் ஒதுங்கப் படிப்படியாகக் கட்டிய கற்குடில்களும்தான். சுண்ணாம்புப் பாறை கத்தி முனையாக நிற்கும். டயரின் பக்கச்சுவர் கிழிவது பெரும்பாலும் இங்கேதான். சியுதாதெல்லாவுக்குத் தெற்கே ஆர்த்ருச் முனை வரையிலும் இதே கதை. போதாததற்குக் காற்றடிக்கும் முனைகளில் பந்துபந்தாக வளரும் முட்செடிகள் வேறு. சாதா டியூபோடு வந்தால் பஞ்சர் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டியூப்லெஸ், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் தாராளமாக, 2.4 அங்குல அகலம், பக்கச்சுவர் தடித்த டயர். இந்தக் கூட்டணியில் நான் இதுவரை திருப்தியாக இருக்கிறேன். எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு தடித்த துண்டும், ஒரே ஒரு மாற்று டியூபும் பையில் எப்போதும் உண்டு.

சைக்கிளைப் பொறுத்தவரை 29 அங்குலச் சக்கரமும் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷனும் உள்ள ஹார்ட்டெயில்தான் என்னுடையது. பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி மேற்குப் பாறைகளில் முதுகைக் காப்பாற்றும், உண்மைதான். ஆனால் தள்ளுவதும் தூக்குவதும் இவ்வளவு இருக்கும் பாதையில் இலேசான வண்டிக்கே என் ஓட்டு. ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்ற உதவும் டிராப்பர் போஸ்ட் கட்டாயம் வேண்டும். சீட்டுக்கு அடியில் தொங்கும் பெரிய பை செங்குத்து இறக்கங்களில் இடைஞ்சல், டிராப்பரோடு அது ஒத்தும் போகாது. சைக்கிள் ஃபிரேமுக்குள் பொருந்தும் பையும் முதுகில் சின்னப் பையும் போதும். பெட்டியை விடுதிக்கு விடுதி கொண்டுசேர்க்கும் சேவைகளும் தீவில் கிடைக்கின்றன. நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்த இன்னொன்று உப்பு. தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் செயினைக் கழுவி, துடைத்து, எண்ணெய் விடாமல் போனால் சுற்று முடிவதற்குள் துரு தெரியும்.

தென்கரை வேறு முகம். பைன் நிழல், வெண்மணல், நீலப்பச்சைக் கடல். துர்கேதா, மகரெல்லா கடற்கரைகளுக்கிடையே பாதை ஓட்ட அருமையானது, ஆனால் ஆட்கள் அதிகம். ஓடைப் பள்ளத்தாக்குகளில் படிக்கட்டுகள் வரும்போது இறங்கிவிடுவதே மரியாதை. வசந்தத்தில் நிலத்தாமைகள் பாதையைக் கடக்கும், வளைவுகளில் வேகம் வேண்டாம். பினிசஃபூயெர் தாண்டிய தென்கிழக்குப் பகுதி பெரும்பாலும் தார்ச்சாலையும் விடுமுறை வீடுகளும்தான்.

எப்போது போகலாம்? ஏப்ரல், மே மாதங்கள் என் தேர்வு. அக்டோபரும் நல்லது, ஆனால் திடீர் மழை கொட்டினால் செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் வடக்கே நிழல் இல்லாத வெயிலை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஜூன் 23, 24-ல் சியுதாதெல்லாவில் சான் ஜோன் திருவிழா. குதிரைகள் கூட்டத்துக்கு நடுவே பின்னங்காலில் எழும்பி நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் அறையை மாதக்கணக்கில் முன்கூட்டிப் பிடிக்க வேண்டும். கூடாரம் கண்ட இடத்தில் போட அனுமதி இல்லை. 1993 முதல் தீவே யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். முறையான முகாம்கள் காலா கல்தானா, சொன் போ பக்கம் இருக்கின்றன, இரண்டுமே தெற்கில். வடக்கே அறை எடுத்துத் தங்குவதுதான் வழி. காலா மொரெலில் தங்குமிடம் மிகக் குறைவு என்பதால் நான் முதலில் அங்கே ஓர் அறை உறுதியான பிறகுதான் கப்பல் டிக்கெட் எடுக்கிறேன். அறை கிடைக்காவிட்டால் தேதியை மாற்றுவேனே தவிர, அன்றைக்கே சியுதாதெல்லா வரை இன்னும் 17 கிலோமீட்டர் பாறையில் ஓட்டத் திட்டமிட மாட்டேன்.