சொல்லித் தருவதா, நிதி திரட்டுவதா?

சென்னையில் முதியோர் எழுத்தறிவுக்கு உதவ நினைக்கிறீர்களா? நேரில் போய்ச் சொல்லித் தரலாம், அல்லது நிதி திரட்டலாம்.

சொல்லித்தர பி.எட். தேவையில்லை. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான மத்திய அரசின் 2022-27 எழுத்தறிவுத் திட்டமே தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. தேவை பொறுமையும், தவறாத வருகையும். பெரம்பூரிலிருந்து 29சி பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஓர் அக்காவுக்கு 'அணில், ஆடு' என்று ஆரம்பிக்க வேண்டாம். பலகையில் உள்ள 'பெசன்ட் நகர்' போதும். புள்ளி வைத்தால் 'ட்', எடுத்தால் 'ட'. அதைத் தானாகப் படித்துவிட்டால் மறுநாளும் வகுப்புக்கு வருவார்.

நிதிப் பக்கம் பளிச்சென்று தெரியாது, ஆனால் அவசியம். நோட்டு, பென்சிலை விட முக்கியம் கண்ணாடி. நாற்பதைத் தாண்டிய பலருக்குக் கிட்டத்து எழுத்து மங்கும். அதைக் கவனிக்காமல் "இவருக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொல்வது அநியாயம். சில நூறு ரூபாயில் தீர்கிற விஷயம். நன்கொடைக்கு ரசீது கொடுங்கள், கணக்கைக் காட்டுங்கள்.

என் கருத்து: வாரம் மூன்று மாலை ஒதுக்க முடிந்தால் சொல்லித்தரப் போங்கள். முடியாதா, சரி, நிதி திரட்டுங்கள். பாதியில் ஆசிரியர் நின்றால், கூச்சத்தை விட்டு வந்தவரும் நின்றுவிடுவார். அவரை மறுபடி அழைத்து வருவது ரொம்பக் கஷ்டம்.