மறுவாய்ப்புக் காதல்: ஜேனெட் ஓக்கா, பிரான்சைன் ரிவர்ஸா?

ஆங்கிலத்தில் கிறிஸ்தவக் காதல் நாவல் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார்கள்: ஜேனெட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ அல்லது பிரான்சைன் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’. இரண்டுக்கும் களம் பழைய அமெரிக்க மேற்கு. இரண்டிலும் முதலில் கல்யாணம், அப்புறம்தான் காதல். அத்தோடு ஒற்றுமை முடிந்தது.

1979இல் வந்த ஓக்கின் நாவலில் மார்ட்டி ஒரு தப்பும் செய்யாதவள். பிழைப்புத் தேடி மேற்கே வந்த இடத்தில் கணவன் இறந்துபோகிறான். அவள் வயிற்றில் பிள்ளை. அடக்கம் முடிந்த கையோடு கிளார்க் என்பவன் வந்து நிற்கிறான். அவனும் மனைவியை இழந்தவன்தான். என் மகள் மிஸ்ஸிக்குத் தாய் வேண்டும், உனக்கு ஒரு கூரை வேண்டும், வசந்தத்தில் கிழக்கே வண்டி போகும்போது நீ ஊர் திரும்ப நினைத்தால் செலவு என்னுடையது என்கிறான். அதாவது, வேண்டாம் என்று சொல்லும் வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கூப்பிடுகிறான்.

பிறகு நடப்பதெல்லாம் வீட்டு வேலை. மார்ட்டிக்குச் சமைக்கத் தெரியாது. பான்கேக் மட்டும் வரும். வேளைக்கு வேளை அதையே சுட்டு வைக்கிறாள், கிளார்க் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறான். காலையில் அவன் பைபிள் வாசித்து ஜெபம் செய்வது அவளுக்குப் புரியாத சங்கதி. அவன் விளக்கவும் போவதில்லை. இந்த வகை நாவல்களில் பிரசங்கம் கதையை விழுங்கிவிடுவது வழக்கம். இங்கே பெரிதாக அது நடக்கவில்லை. ஆனால் கதை மெதுவாகப் போகும், சில இடங்களில் கொட்டாவியும் வரும்.

ரிவர்ஸ் எடுத்துக்கொண்டது பைபிளில் வரும் ஓசியா தீர்க்கதரிசியின் கதையை. ஓடிப்போன மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுக்கொள்கிறாரே, அதே கதை 1850களின் கலிபோர்னியாத் தங்க வேட்டைக்குள் நடக்கிறது. சிறு வயதிலேயே விபசாரத்துக்கு விற்கப்பட்டவள் ஏஞ்சல். இவளைக் கட்டு என்று கடவுள் சொன்னதாக நம்பும் விவசாயி மைக்கேல் ஓசியா. அடிபட்டு அரைமயக்கத்தில் கிடப்பவளிடம் சம்மதம் வாங்கித்தான் கல்யாணம் நடக்கிறது. அவள் ஓடுகிறாள், அவன் போய்க் கூட்டி வருகிறான், மறுபடி ஓடுகிறாள். ஏஞ்சலின் பயமும் எரிச்சலும் பக்கத்துக்குப் பக்கம் உயிரோடு இருக்கின்றன; மார்ட்டியை விட இவள் நூறு மடங்கு நிஜம். மைக்கேல்தான் எனக்கு நெருடல். கோபம் வருகிறது, அலைபாய்கிறான், ஆனாலும் கடவுள் அவன் பக்கம் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். அப்புறம் அவள் எப்படித்தான் மறுப்பது?

இதற்கு நாவலே கடைசியில் பதில் சொல்கிறது. (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) கடைசித் தடவை அவள் போகும்போது மைக்கேல் துரத்திப் போவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் தன்னைப் போன்ற பெண்களுக்காக ஒரு இல்லம் நடத்தி, வருடங்கள் கழித்துத் தானாகத் திரும்பி வருகிறாள். ஓக் முதல் அத்தியாயங்களிலேயே கொடுத்துவிட்ட சுதந்திரத்தை ரிவர்ஸ் முடிவு வரை பிடித்து வைத்திருக்கிறார். ஆனால் கொடுக்கும்போது, ஓக்கிடம் இல்லாத கனம் அதற்கு இருக்கிறது.

வாங்குபவர்களுக்கு ஒரு விவரம்: ‘ரிடீமிங் லவ்’ 1991இல் பொதுச் சந்தைக்கு வந்தது. கிறிஸ்தவ வாசகர்களுக்காகத் திருத்தப்பட்ட 1997 பதிப்புதான் இப்போது பரவலாகக் கிடைப்பது. திருத்தியபின்னும் சிறுமி வதை, வன்முறை எல்லாம் உண்டு; பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்க வேண்டாம். இரண்டும் படமாகவும் வந்திருக்கின்றன: ஓக்கின் கதை 2003இல், ரிவர்ஸின் கதை 2022இல்.

துக்கத்திலிருந்து மெல்ல எழுந்து வருகிறவர் கையில் ஓக்கைத்தான் கொடுப்பேன். எனக்காக ஒன்றை மறுபடி எடுப்பதென்றால் ரிவர்ஸ்தான், மைக்கேல் மீதான புகாரோடு சேர்த்து.