ஐஎஃப்எஸ் சிகிச்சை: அவசரக்காரர்களுக்கு ஆகாது

அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் உருவாக்கிய மனநலச் சிகிச்சை முறை இது; ஐஎஃப்எஸ் என்பது 'இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்' என்பதன் சுருக்கம். மனசையும் பல பகுதிகள் சேர்ந்த ஒரு குடும்பமாகவே பார்க்கிறது. பழைய காயத்தைச் சுமக்கும் பகுதிகள் உள்ளே ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். அவை தலைதூக்காதபடி எதையும் முன்கூட்டியே திட்டமிடும் 'மேலாளர்கள்' உண்டு. மீறித் தலைதூக்கினால் குடி, ஆத்திரம், விடியவிடிய போன் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு அணைக்கப் பார்க்கும் 'தீயணைப்பாளர்கள்' உண்டு.

இதன் உயிர்நாடி சிகிச்சையாளர் கேட்கும் ஒரே கேள்விதான்: "அந்தப் பகுதியைப் பார்த்தால் இப்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" 'எரிச்சல்' என்று பதில் வந்தால், பேசுவது இன்னொரு பகுதி. அதைக் கொஞ்சம் ஒதுங்கி இருக்கச் சொல்ல வேண்டும். ஆர்வமோ கனிவோ வந்த பிறகுதான் அந்தப் பகுதியிடமே அடுத்த கேள்வி: "இந்த வேலையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்?"

சொதப்புவதும் இங்கேதான். காவல் நிற்கும் பகுதிகளின் சம்மதம் இல்லாமல் காயத்தைத் தொட்டால், அன்று அழுது லேசானதுபோல இருக்கும். பிறகு பழைய பழக்கம் இரட்டிப்பாகத் திரும்பலாம். முதல் சந்திப்பிலேயே சிறுவயதுக்குக் கூட்டிப்போகும் சிகிச்சையாளரிடம் எச்சரிக்கை தேவை. தன்னைத்தானே கடிந்துகொள்பவர்களுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். ஆய்வு ஆதாரம், சிபிடியோடு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) ஒப்பிட்டால், இன்னும் மெலிவுதான். மாயக்குரல் கேட்பவர்கள் மனநல மருத்துவரைப் பார்க்காமல் இதில் இறங்கக்கூடாது.