மீட்டெடுத்த மேப்பிளும் அகடாமாக் கலவையும்: இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் மணிகள், பியூமிஸ் என்ற இலகுவான நுண்துளைக்கல், எரிமலைக்கல் ஆகிய மூன்றையும் கலந்து, போன்சாய் மண் என்ற பெயரில் விற்கப்படும் 10 லிட்டர்ப் பை ஒன்றை 45 டாலர் கொடுத்து வாங்கினேன். மண்ணுக்கு இவ்வளவு விலையா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். சாகும் நிலையில் இருந்த ஒரு ஜப்பானிய மேப்பிளை அந்தக் கலவையில் நட்டு, இரண்டு கோடைகளும் இரண்டு குளிர்காலங்களும் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மரம் கிடைத்தது டொராண்டோவின் ஸ்கார்பரோவில், எங்கள் தெருவிலேயே. வீட்டை விற்றுவிட்டுப் போகவிருந்த அயலவர், கராஜுக்குப் பின்னால் பல ஆண்டுகளாகக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் கிடந்த அந்த மேப்பிளைத் தோட்டக் கழிவோடு சேர்த்து அனுப்ப எடுத்து வைத்திருந்தார். கேட்டதும் மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டார். அது அக்டோபர் மாதம். இலைகளின் ஓரங்கள் கருகியிருந்தன. உச்சிக் கிளைகள் தொட்டாலே முறிந்தன. ஆனால் அடிமரம் என் மணிக்கட்டுப் பருமன் இருந்தது, ஒட்டுக் கட்டிய தழும்பும் இல்லை. போன்சாயாக வளர்க்க நினைப்பவருக்கு இது பெரிய பேறு. ஒட்டுத் தழும்பு காலம் செல்லச் செல்ல வீங்கி, சிறிய மரத்தில் கண்ணை உறுத்தும். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். மேலே பழுப்பு, இடையில் பழுப்பு, அடியில், மண்ணிலிருந்து ஒரு முழ உயரம் வரை, ஈரமான பச்சை. அந்தப் பச்சையை நம்பித்தான் வேலையைத் தொடங்கினேன்.

குளிர்காலம் முழுவதும் மரத்தைச் சூடாக்கப்படாத கராஜில் வைத்து, மண் முற்றிலும் காய்ந்துவிடாதபடி மட்டும் நீர் விட்டேன். இந்த இன மேப்பிளுக்குச் சில வாரங்களாவது குளிர்ந்த உறக்கம் தேவை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இதைப் படிப்பவர்கள் மேப்பிளை நினைத்து ஏங்க வேண்டாம். ஆலும் அத்தியும் அரசும் உங்கள் வெயிலுக்கே பிறந்த போன்சாய் மரங்கள்.

ஏப்ரலில் அரும்புகள் வீங்கத் தொடங்கியபோது தொட்டியை அறுத்து எடுத்தேன். வேர்கள் தொட்டியின் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்து, அடியில் தேங்காய் நார் மெத்தைபோல இறுகியிருந்தன. பீட் என்ற சதுப்புநில மக்கு கலந்த பழைய மண் நடுவில் தூளாகக் காய்ந்திருந்தது. அப்படி ஒருமுறை காய்ந்த பீட் எளிதில் நீரை ஏற்காது. விட்ட நீரெல்லாம் ஓரமாக வழிந்து அடியில் தேங்கியிருக்கிறது. ஆகவே ஒரே தொட்டியில் நடுவேர் தாகத்தாலும் அடிவேர் மூச்சுத் திணறலாலும் செத்துக்கொண்டிருந்தன. அடியிலிருந்த வேர் ஒன்றை விரலால் இழுத்தபோது கறுத்த தோல் உறைபோலக் கழன்று வர, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சியது. புளித்த வாடை அடித்தது. பழைய மண்ணை முழுவதும் கழுவி, அழுகியவற்றையும் அடிமரத்தை நெரித்துக்கொண்டிருந்த தடித்த வேர் ஒன்றையும் வெட்டி நீக்கினேன். மிஞ்சியது ஒரு கைப்பிடி வேர்.

இந்த நிலையில் உள்ள மரத்துக்குச் சத்தைவிடக் காற்றே முதல் தேவை. எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு படலம் முழு ஈரமாகவே நிற்கும். மண் எவ்வளவு நுண்ணியதோ, அந்தப் படலம் அவ்வளவு உயரமாக இருக்கும். கலவையின் மணிகள் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருப்பதால் அந்தப் படலம் தாழ்ந்து, வேருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. இதில் அகடாமா நீரைப் பிடித்து வைக்கிறது. பியூமிஸ் நீரையும் காற்றையும் சேர்த்துத் தாங்குகிறது. எரிமலைக்கல் கலவை இறுகாமல் காக்கிறது.

அகடாமா என்பது ஜப்பானின் கான்டோ சமவெளியில் எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண். 1923 ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் போன்சாய்த் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடிச் சென்று, டோக்கியோவுக்கு வடக்கே உள்ள ஓமியாவில் குடியேறினார்கள். அவர்களுக்கு இது பக்கத்து மாவட்டத்து மண். நமக்குக் கடல் கடந்து வருகிறது. விலையில் பெரும்பகுதி அந்தப் பயணத்துக்கே என்று நினைக்கிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். பையைப் பிரித்தவுடன் தூள் பறந்தது. சலித்துப் பார்த்ததில் 10 லிட்டரில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வெறும் மாவு. அதை அப்படியே கொட்டியிருந்தால் அடியில் சேறாகப் படிந்து, நான் எதிலிருந்து மரத்தைக் காப்பாற்ற முயன்றேனோ அதே நிலையைத் திரும்ப உண்டாக்கியிருக்கும். மூன்று பொருள்களும் என்ன அளவில் கலந்துள்ளன என்பதும், அகடாமா கடினமாகச் சுட்ட வகையா மென்மையானதா என்பதும் பையில் எங்கும் இல்லை. இந்த விலைக்கு விற்பவர்கள் அதை அச்சிட்டிருக்க வேண்டும்.

குளத்துச் செடிகளுக்கான ஓட்டைக் கூடை ஒன்றில் மரத்தை வைத்து, அசையாதபடி கம்பியால் கட்டி, வேர்களுக்கு இடையே சாப்ஸ்டிக்கால் மணிகளைக் குத்தி இறக்கினேன். மரம் ஆடினால் புதிய வேர்முனைகள் அறுந்துபோகும். கட்டுவதைத் தவிர்க்கவே கூடாது. காய்ந்த உச்சியை மட்டும் வெட்டினேன். உயிருள்ள கிளை ஒன்றைக்கூட முதல் ஆண்டில் தொடவில்லை, ஏனென்றால் வேரை வளர்ப்பது இலைதான்.

மே நடுவில் இலை வந்தது, என் கட்டைவிரல் நகம் அளவில். ஜூலையில் வெயில் ஏறியபோது நாளுக்கு இரண்டு முறை நீர் தேவைப்பட்டது. இங்கேதான் இந்தக் கலவை என்னை முழுவதும் வென்றது. ஈரமான அகடாமா கரும்பழுப்பாகவும் காய்ந்தது வெளிறிய மஞ்சளாகவும் இருப்பதால், நீர் விடலாமா வேண்டாமா என்பதை நிறமே சொல்லிவிடுகிறது. முதல் இலைகள் முற்றிய பிறகே மென்மையான உரம் கொடுத்தேன். கலவையில் சத்து எதுவும் இல்லாததால் அதை மறக்க முடியாது. செப்டம்பரில் கூடையின் ஓட்டைகளில் வெள்ளை வேர்முனைகள் எட்டிப் பார்த்தன. அன்று மாலை வீட்டில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் ஆண்டுக் கோடையில் 40 சென்டிமீட்டர் நீளத்துக்குப் புதுத் தண்டுகள் ஓடின.

இரண்டாவது குளிர்காலம் முடிந்தபோது மேற்பரப்பு மணிகள் விரலில் நசுங்கத் தொடங்கியிருந்தன. உறைந்து உருகும்போது அகடாமா உடையும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் இங்குள்ள குளிரில் இந்தச் செலவு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆகவே என் பரிந்துரை இதுதான். வேர் அழுகிய மரத்தை மீட்கும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, சல்லடை வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். நலமாக வளர்ந்துகொண்டிருக்கும் இளமரத்துக்கு, பருமன் கூட்டும் காலத்தில், பியூமிஸோடு மக்கிய மரப்பட்டையைக் கலந்தாலே போதும், செலவும் குறையும். தோட்டத்துத் தரையில் கொட்டுவது வீண்.

எனக்கு இன்னும் ஒரு பை வேண்டியிருக்கிறது. அடிமரத்தை எந்த உயரத்தில் குறைப்பது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வரும் வசந்தத்தில் அந்தக் கோட்டைத் தொடாமல், வேர்களை மட்டும் சுற்றிலும் விசிறிபோலப் பரப்பி மறுபடி நடப் போகிறேன். வெட்டு அதற்கும் அடுத்த ஆண்டுதான்.