இன்னோவாவுக்கு ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது?

போன செவ்வாய்க்கிழமை பல்லடம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தான். என் மனைவியின் தம்பி. "மச்சான், 2014 இன்னோவா ஒண்ணு வந்திருக்குங்க. 1,80,000 ஓடியிருக்கு, எட்டே முக்கால் லட்சம் சொல்றாங்க. கண்ணை மூடிட்டு வாங்கிடலாமுங்களா? இன்னோவாதானே, என்ன ஆயிடப்போகுது?"

அந்த நேரத்தில் என் வண்டியின் டைமிங் பெல்ட் என் கையில் இருந்தது. ராத்திரி பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ராத்திரியும் பேசவில்லை. கோபம் தணியாமல் பேசினால் வண்டியைத் திட்டிவிடுவேன். வண்டி மேல் தப்பே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 2011 மாடல், 2.5 டீசல். 2016இல் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் வாங்கினேன். அப்போது 1,55,000 ஓடியிருந்தது, இப்போது 2,38,000. மைலேஜ், இழுவை, சீட் எண்ணிக்கை எல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம், அதற்குள் போகவில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது நடு சீட். 2019இல் அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து சோமனூருக்குக் கூட்டி வந்தோம். அதற்கு முந்தின நாள் உறவுக்காரர் ஒருவரின் சின்ன காரில் உட்கார வைத்துப் பார்த்தோம், குனிந்து இறங்க முடியாமல் வலியில் துடித்துப் போனார். இன்னோவாவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி அப்படியே உட்கார்ந்தார். சீட் அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். சாய்வை இறக்கி விட்டேன். மேலே கூரையிலிருந்து ஏசி காற்று முகத்தில் படும்படி திருப்பி வைத்தேன். சூலூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த வண்டியை நான் விற்க மாட்டேன்.

அப்புறம் வால்பாறை. ஆழியாறிலிருந்து ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. ஏழு பேர், பெட்டி படுக்கை, ஏசி எல்லாவற்றோடும் இரண்டாவது கியரில் முனகாமல் ஏறியது. எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை ரோட்டில் நிறுத்தியதில்லை.

ஆனால் எட்டு வருஷமாக ஒரு வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இன்னோவாவுக்கு ஒண்ணும் ஆகாது." ஆயில் மாற்ற நாளாகிவிட்டது என்றால், ஒண்ணும் ஆகாது. இரவல் வாங்கிக்கொண்டு போனவர் தரையில் தட்டிவிட்டு வந்தால், இன்னோவாதானே, ஒண்ணும் ஆகாது. வியாபாரி விலையைக் குறைக்காமல் நின்றபோதும் இதையேதான் சொன்னார். நல்ல பெயர் எடுத்த வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

சரி, பெல்ட்டுக்கு வருகிறேன். இந்த எஞ்சினில் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்கையும், வால்வைத் திறந்து மூடும் கேமையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும், லட்சக்கணக்கில் செலவு வைத்துவிடும். அறுவது மேட்டுப்பாளையம் மலைப்பாதையிலா, வீட்டு வாசலிலா என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் வண்டி செய்தவர்கள் மீட்டரில் இதற்கென்றே ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட கிலோமீட்டர் ஆனதும் டி-பெல்ட் என்று எரியும். பெல்ட்டை மாற்றிவிட்டு விளக்கை அணைக்க வேண்டும். மாற்றாமலேயும் அணைக்கலாம், அது ஐந்து நிமிஷ வேலை.

எனக்கு விற்கும் முன் யாரோ அதைத்தான் செய்திருக்கிறார்கள். "பெல்ட் எல்லாம் மாத்தியாச்சு, இனி நீங்க தொடவே வேண்டாம்" என்று வியாபாரி சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் வண்டியை விட்ட இடத்தில் இரண்டு முறை பெல்ட்டைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறையும் "பார்த்தாச்சுங்க, நல்லா இருக்கு" என்றார்கள். பில்லிலும் எழுதினார்கள், பணமும் கொடுத்தேன். இந்த முறை முன்பக்கம் லேசாக ஆயில் கசிந்ததால் வேறு ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே கவரைக் கழற்றிய பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கூப்பிட்டான்.

"அண்ணா, இது கம்பெனியிலிருந்து வந்த பெல்ட்டுங்க. கவர் போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தடமே இல்ல."

2,38,000 கிலோமீட்டர். கழற்றிக் கையில் கொடுத்தான். பின்பக்கமாக வளைத்தால் பல்லுக்குப் பல் இடையில் வெடிப்பு. ஓரத்தில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் விரல் நீளத்துக்கு.

நூல் என்றதும் அப்பா நினைவு வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். ஐம்பது வருஷம் தறி ஓட்டிய கை. கண்ணால் பார்ப்பதற்கு முன் கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார். "இழை விட்டுட்டு வருதே. யாரும் பார்க்கலையா?" என்றார்.

எங்கள் குடோனில் இருப்பது சாதாத் தறி. ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், அறுந்தால் தறி நின்றுவிடும். பாவு, அதாவது நெடுக்கே ஓடும் இழை, அறுந்தால் நிற்காது, அது பாட்டுக்கு ஓடும். ஓட்டுகிறவர் கண்ணில் பட்டால் உண்டு. படாவிட்டால் வெளுக்காத காடாத் துணியில் மீட்டர் கணக்கில் கோடு விழும், பாவு கொடுத்து நெய்யச் சொன்னவர் கூலியில் கழித்துக்கொள்வார். அப்பா ராத்திரி ஷிப்டில் நான்கு தறிக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இழையைப் பார்த்துக்கொண்டு.

இன்னோவாவைச் செய்யும் டொயோட்டாவின் கதை தொடங்குவது இந்த இடத்தில்தான். காரில் இல்லை, தறியில். சகிச்சி டொயோடா 1867இல் பிறந்த ஒரு தச்சர் மகன். அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். ஊடை நூல் தீர்ந்தாலும் அறுந்தாலும் தானே நிற்கும் விசைத்தறியை அவர் 1890களிலேயே செய்தார். 1924இல் வந்த ஜி வகைத் தறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை மாற்றிக்கொள்ளும், பாவில் ஒரு இழை அறுந்தாலும் நின்றுவிடும். ஒரே ஆள் 30 தறி பார்க்க முடிந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது "முப்பதா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நம் பக்கத்துப் பழைய மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு பிளாட் என்ற பெயர் தெரிந்திருக்கும். உலகத்துக்கே நூற்பு இயந்திரம் விற்றவர்கள், ஜப்பான்காரரிடம் வந்து வாங்கினார்கள். அந்தப் பணம்தான் காருக்கு விதைமுதல் என்று சொல்வார்கள். சகிச்சியின் மகன் கிச்சிரோ 1933இல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார், 1937இல் அது தனிக் கம்பெனி ஆனது. குடும்பப் பெயர் டொயோடா, வண்டிப் பெயர் டொயோட்டா. ஜப்பானிய எழுத்தில் எழுதினால் எட்டுக் கோடு வரும், எட்டு அங்கே ராசியான எண்.

தறியிலிருந்து காருக்குப் போனபோது கூடவே போனது அந்த நிற்கும் குணம். ஜிடோக்கா என்பார்கள். டொயோட்டா ஆலையில் தப்பு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். ஏன் வந்தது என்று அடி வரைக்கும் கேட்பார்கள். என் மீட்டரில் இருந்த அந்தச் சின்ன விளக்கும் அந்த வம்சத்தில் வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அதை அணைத்தவன் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால் இதுதான் பதில்.

பெயர் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. 1950இல் கம்பெனி மூழ்கும் நிலைக்குப் போய், ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் என்றாகி, கிச்சிரோவே பதவி விலகினார். கொரியப் போருக்கு வந்த லாரி ஆர்டர்தான் மூச்சு கொடுத்தது. 1957இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கிரவுன் கார் அங்கே இருந்த அகல ரோட்டின் வேகத்துக்குத் தாங்கவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று. அப்புறம்தான் 1966இல் கொரோலா. நம் ஊருக்கு 2000இல் பெங்களூரு பக்கத்து பிடதியிலிருந்து குவாலிஸ் வந்தது. பார்க்கப் பெட்டி மாதிரி இருந்தது, டொயோட்டா இந்தோனேசியாவில் விற்ற கிஜாங் வண்டியின் பழைய உடம்பு. கால் டாக்சிக்காரர்கள்தான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். இன்னோவாவின் பெயரில் பாதி குவாலிஸ் ஓட்டிய டிரைவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது. டொயோட்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த டிரைவர்களைச் சொல்வதே இல்லை.

இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கயிற்றை அவர்களே இழுக்காமல் விட்டதும் உண்டு. 2009, 2010இல் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்ளும் பிரச்சினைக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். சகிச்சியின் கொள்ளுப்பேரன் அக்கியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸ் முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார், நாங்கள் அளவுக்கு மீறி வேகமாக வளர்ந்துவிட்டோம் என்கிற பொருளில் பேசினார். அந்த விவகாரத்தில் தகவலை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டாலர் கட்டினார்கள். 2024 ஜனவரியில் வந்த செய்திதான் எனக்கு அதைவிட வலித்தது. டீசல் எஞ்சின்களின் சான்றிதழ் சோதனையில் முறைகேடு நடந்ததாக அவர்களே அறிவித்தார்கள். இங்கேயும் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகளை அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்த எஞ்சின்களைச் செய்தது டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். சகிச்சி தொடங்கிய அதே தறிக் கம்பெனி. இழை அறுந்தால் நிற்கும் தறியைச் செய்த இடத்திலேயே இழை அறுந்தது தெரிந்தும் ஓட விட்டிருக்கிறார்கள்.

ஆக, பிடதியிலிருந்து பல்லடம் வரைக்கும் ஒரே வியாதிதான் என்று அன்றைக்கு ராத்திரி தோன்றியது. காலையில் யோசித்தால் அது நியாயமில்லை. என் பெல்ட் தன் காலத்துக்கு மேலேயும் தாங்கியது. அறுந்திருந்தால் அன்றைக்கு உள்ளே அப்பா இருந்திருக்கலாம். ஏமாற்றிய கைகள் மனிதக் கைகள், வண்டி என்னை ஏமாற்றவில்லை.

பெல்ட், டென்ஷனர், ஐட்லர், ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்த்து 14 ஆயிரத்துச் சொச்சம். அந்தப் பையன் கவரின் மேல் வெள்ளை பெயிண்ட் பேனாவால் தேதியும் கிலோமீட்டரும் எழுதினான். நான் கேட்கவில்லை, அவனாகவே எழுதினான். இனி அவனிடம்தான் விடுவேன்.

மாப்பிள்ளைக்கு என் பதில்: வாங்காதே. இவ்வளவு நல்ல வண்டி எனக்குத் தெரிந்து வேறு இல்லை, இருந்தாலும் வாங்காதே. எட்டே முக்கால் லட்சத்தில் பாதி அந்தப் பெயருக்குக் கொடுக்கிற காசு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அந்த வண்டியை யார் எப்படி வைத்திருந்தார்கள் என்பது மீட்டரில் தெரியாது.

இதைச் சொன்னால் கேட்க மாட்டான், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பான். அப்படிப் போவதாக இருந்தால், மாப்பிள்ளை, அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போ. சர்வீஸ் புத்தகம், பாலிஷ், டயர் எதையும் பார்க்காதே. முதலில் பெல்ட் கவரைக் கழற்றச் சொல். கழற்ற விடமாட்டேன் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. பழைய பெல்ட்டை அப்பா குடோனில் முதல் தறிக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போ.