அம்பாசடருக்கு மாற்றுச் சாவி: பித்தளையா, நிக்கல் சில்வரா?

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காருக்கு மாற்றுச் சாவி வெட்டும்போது, பித்தளையா, நிக்கல் சில்வரா என்ற கேள்வி எழுகிறது. பித்தளை மென்மையானது என்பதால் வெட்டுவது எளிது. ஆனால் தினமும் திருப்பத் திருப்பப் பற்களின் முனை மழுங்கி, சாவியைச் சற்றே வெளியே இழுத்து ஆட்டினால்தான் இக்னிஷன் திரும்பும் என்ற நிலை வந்துவிடும். பெயரில் மட்டுமே வெள்ளியைக் கொண்ட நிக்கல் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கடினமான கலவை; எளிதில் தேயாது, வளையாது. அன்றாடம் ஓடும் வண்டிக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். எந்த உலோகமானாலும், தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் அந்தத் தேய்மானமும் புதுச் சாவியில் அப்படியே இறங்கிவிடும் என்பதால், அதிகம் புழங்காமல் பீரோவில் கிடந்த இரண்டாவது சாவியையே மாதிரியாகக் கொடுங்கள்.