ஃபைபர் மிருதங்கம்: தோள் தப்பியது, விரல் மாட்டியது

எனக்கு 67 வயது. மிருதங்கம் வாசிப்பவன். பெரிய பெயர் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு நாட்டியக் கச்சேரி, பஜனை, ஹரிகதை, சஷ்டியப்தபூர்த்தி, மார்கழியில் சென்னை சபாக்களின் மத்தியானக் கச்சேரி என்று காலம் ஓடுகிறது. சென்ற ஆண்டு ஃபைபர் மிருதங்கம் ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் அது எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். இருபது வயதுப் பையன் நாதத்தைப் பற்றிக் கேட்கிறான். அறுபதைத் தாண்டியவர் எடையைப் பற்றிக் கேட்கிறார். நான் எழுதுவது இரண்டாமவருக்காக. நாதம் பிறகு வரும்.

மிருதங்கக்காரனின் உடம்பு மேடையில் கெடுவதைவிட மேடைக்குப் போகிற வழியில்தான் அதிகம் கெடுகிறது. பாடகரின் தம்புரா இன்று கைப்பேசிக்குள் போய்விட்டது. வயலின்காரர் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். எங்களுக்கு மட்டும் இன்னமும் குடைந்த பலா மரம். அதுவும் ஒன்று போதாது. பெண் குரல் என்றால் சுருதி ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை. ஆண் குரல் என்றால் ஒன்று, ஒன்றரை. உயர்ந்த சுருதியான ஹெச்சு ஸ்தாயிக்கு ஒன்று, தாழ்ந்த சுருதியான தக்கு ஸ்தாயிக்கு இன்னொன்று என்று இரண்டு வாத்தியம் வேண்டும். தக்கு பெரியது, கனமும் கூட. என்னிடம் இருக்கும் தக்கு மிருதங்கம் உறையோடு சேர்த்து 12 கிலோவைத் தொடும். ஒரே நாளில் மத்தியானம் பாடகிக்கும் சாயங்காலம் பாடகருக்கும் வாசிக்க ஒப்புக்கொண்டால், தோளுக்கு ஒன்றாக இரண்டையும் சுமந்து பல்லவன் ரயிலில் ஏற வேண்டும். உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாக அனுமதிக்கிற 15 கிலோவுக்குள் இந்த இரண்டையும் அடக்கவே முடியாது. எனக்கு விமானத்தில் அழைப்பு வருவது அபூர்வம் என்பதால் அந்தக் கவலை இல்லை.

சுமப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரயிலில் இருக்கைக்கு மேலுள்ள தட்டில் அதை ஏற்றும் நேரம்தான் ஆபத்து. கை தலைக்கு மேலே போகிறது, கனம் முழுவதும் தோள்மூட்டில் இறங்குகிறது, பின்னாலிருப்பவர் "சீக்கிரம் சார்" என்கிறார். என் வலது தோளின் தசைநார் தேய்ந்துபோனது அப்படித்தான் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். இனிமேல் தலைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார். அப்படியானால் மிருதங்கத்தை எங்கே வைப்பது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஃபைபர் மிருதங்கத்துக்கு முதல் மதிப்பெண் இந்த இடத்தில்தான். கூடு கண்ணாடி இழையால் ஆனது. எடை, என் பலா மரத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். இடது கையாலேயே தட்டில் ஏற்றிவிடுகிறேன். எழும்பூரில் படிக்கட்டு ஏறும்போது யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை. மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் பல்லாண்டுகளுக்கு முன்பே ஃபைபர் மிருதங்கத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். அப்போது எங்களைப் போன்றவர்கள் அதை ஏதோ வித்தை என்று பார்த்தோம். 1935-இல் பிறந்தவர், எண்பது வயதுக்குப் பிறகும் மேடையில் வாசித்தவர். இப்போது அந்த வாத்தியத்தை வேறு மரியாதையோடு பார்க்கிறேன்.

இரண்டாவது மதிப்பெண் சுருதி சேர்ப்பதற்கு. தோல் மிருதங்கத்தை வாசிக்காதவர்களுக்கு இந்த வேலையின் கொடுமை தெரியாது. வலது முகமான வலந்தலையின் விளிம்பில் 16 கண்கள். ஒவ்வொரு கண்ணையும் தட்டிப் பார்த்து, இறங்கியிருக்கும் இடத்தில் புள் என்ற மரத்துண்டை வைத்துக் கல்லால் அடிக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் சுருதி ஏறும், கீழிருந்து அடித்தால் இறங்கும். ஒரு கண்ணைச் சரிசெய்தால் எதிர்க்கண் கோணிக்கொள்ளும். ஐப்பசி மழையில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். ஏ.சி. மண்டபத்தில் ஏறினால் அது வேறு திசையில் ஓடும். வெளியில் சேர்த்துக்கொண்டு போன சுருதி திரை விலகும்போது இருக்காது. அடிக்கிற கல்லின் அதிர்ச்சி ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் ஏறுகிறது. முப்பது வயதில் இது ஒரு பொருட்டே இல்லை. இப்போது கச்சேரி தொடங்குவதற்கு முன்பே கையின் பலத்தில் கால்பங்கு இதற்கே போய்விடுகிறது. தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் மறுபடி கல்லை எடுக்கும்போது எனக்கே என் மேல் பரிதாபமாக இருக்கும்.

ஃபைபரில் வாரும் கிடையாது, கல்லும் கிடையாது. உலோகக் கம்பியும் போல்ட்டும். ஸ்பானரை மாட்டிக் கால் திருப்பு, அரைத் திருப்பு, முடிந்தது. தலையில் பூட்டியிருப்பது பாலியெஸ்டர் ஃபிலிம் என்பதால் ஈரம் அதை ஒன்றும் செய்வதில்லை. காவிரிக்கரையில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பஜனைக்கு வாசித்தேன். தொடக்கத்தில் வைத்த சுருதி மங்களம் வரை நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹார்மோனியக்காரர் நம்பாமல் இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

ரவைக்கும் விடுதலை. தொப்பி என்கிற இடது முகத்தின் நடுவே ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்பினால்தான் அதன் கனத்தில் இடந்தலை கீழே இறங்கி 'தொம்' பேசும். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பெருவிரல் மூட்டில் வாதம் உள்ளவனுக்குக் காய்ந்த ரவையைச் சுரண்டுவது தண்டனை. ரவை கொண்டுபோக மறந்தால், கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டில் போய் நின்று, உப்புமாவுக்கு வைத்திருப்பதில் ஒரு பிடி கேட்கும் சங்கடம் வேறு. புது வாத்தியத்தின் தொப்பியில் நிரந்தரமான ஒரு பூச்சு இருக்கிறது. அப்படியே எடுத்து வாசிக்க வேண்டியதுதான்.

இத்தனை வசதியையும் சொல்லிவிட்டு, இது வாங்கிக்கொண்ட கூலியைச் சொல்லாமல் இருக்க முடியாது.

தோல் அடியை வாங்கிக்கொள்ளும், ஃபிலிம் அடியைத் திருப்பிக் கொடுக்கும். வாங்கிய முதல் வாரத்தில் வீட்டில் மெதுவாகத் தட்டிப் பார்த்தபோது இது தெரியவில்லை. ஒரு நாட்டிய அரங்கேற்றத்தில்தான் தெரிந்தது. அரங்கேற்றம் என்றால் மிருதங்கக்காரனுக்கு மூச்சுவிட நேரமில்லை. அலாரிப்பு, ஜதிஸ்வரம், பிறகு வர்ணம். வர்ணத்தில் மூன்று வேகத்திலும் வரும் திரிகால ஜதியில் தொடங்கித் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். நட்டுவாங்கத் தாளத்தோடு ஒவ்வொரு சொல்லும் ஒட்டி விழ வேண்டும். கச்சேரியாவது ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் கையை மடியில் வைத்துக்கொள்ள விடும். நாட்டியத்தில் அந்த இரக்கம் இல்லை. வர்ணத்தின் பாதியிலேயே வலது ஆட்காட்டி விரலின் முதல் கணு கொதிக்க ஆரம்பித்தது. தோலில் 'நம்' அடிக்கும்போது விரல் விளிம்பில் பட்டுத் துள்ளும். ஃபிலிமிலும் துள்ளுகிறது, ஆனால் துள்ளலுக்கு முன் ஒரு குத்து இருக்கிறது. மறுநாள் காலையில் மோதிர விரல் மடங்கியவாறே நின்றுவிட்டது. இடது கையால் நிமிர்த்தினால் ஒரு சொடுக்கோடு நேராகிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தேன். வீட்டில் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வெந்நீர் மட்டும் வைத்துக் கொடுத்தார்கள்.

இடது கைக்கும் வேலை கூடுகிறது. கும்கி என்பது தொப்பியின் மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தி இழுத்து எடுப்பது. பழகிய தோல் கையோடு வரும், ஃபிலிம் வழுக்குகிறது. அழுத்தம் அதிகம் கொடுத்தால்தான் அந்த வளைவு கிடைக்கிறது. அந்த அதிகப்படி அழுத்தம் மணிக்கட்டில் தொடங்கி முழங்கைக்கு ஏறி, கடைசியில் இடது தோளில் போய் முடிகிறது. அதனால் இப்போது பாதிக் கும்கிகளைக் குறைத்துவிட்டேன். என் குரு இருந்தால் திட்டியிருப்பார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் 1960-களில் மைக்கே வேண்டாம் என்று கச்சேரி செய்தவர். அந்தப் பரம்பரைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று மைக் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன் பக்கமாகத் தொப்பியைத் திருப்பி வைத்துக்கொண்டு மெதுவாக வாசிக்கிறேன். ஃபைபரில் அப்படி வாசிப்பதுதான் விரலுக்கு நல்லது. மைக்கில் அது எடுப்பாகவும் கேட்கிறது.

எதிர்பாராத இன்னொன்று கால். வலது காலைச் சற்று நீட்டி, கணுக்காலின் மேல் மிருதங்கத்தை ஏற்றி, இடது முழங்காலால் அணைத்து உட்காருவது வழக்கம். கனமான பலா மரம் தானே உட்கார்ந்துகொள்ளும். கணுக்காலில் காய்ப்பு விழும், பாதம் மரத்துப்போகும். ஆனால் வாத்தியம் நகராது. லேசானது அடிக்கு அடி நகர்கிறது. அதைப் பிடித்து நிறுத்த இடது தொடை முழு நேரமும் விறைத்தபடி இருக்கிறது. கணுக்கால் பிழைத்தது, இடுப்பு கேட்கிறது. அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றை மடித்து வைத்தபின் பாதி குறைந்தது. சம்மணம் போட்டு இரண்டரை மணி நேரம் உட்காரும் வலியை எந்த மிருதங்கமும் தீர்க்காது. தாழ்ந்த மணையும் அதற்கேற்ற தாங்கியும் கிடைக்கின்றன. ஒரு சபாவில் மணை கேட்டேன். செயலாளர் பதறிப்போய், பாடகரைவிட உயரமாகத் தெரிவீர்களே என்றார். மூட்டு வலி எத்தனை அங்குல உயரத்தில் அனுமதிக்கப்படும் என்று கேட்க நினைத்து, வாயை மூடிக்கொண்டு கீழேயே உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டுக்கும் கச்சேரி வேண்டுமே.

இனி நாதம். மிருதங்கத்தின் ஓசை ஏன் இனிமையாக இருக்கிறது என்பதை எங்கள் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். வலந்தலையின் நடுவில் உள்ள கரணை என்ற கறுப்புப் பூச்சின் கனம்தான் மேல் ஒலிகளை ஒழுங்குபடுத்தி ஸ்வரமாக்குகிறது. ஆகவே தோலா ஃபிலிமா என்பதைவிடக் கரணை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பது முக்கியம். என்னுடையதில் நன்றாகவே போட்டிருக்கிறார்கள். 'தி', 'நம்' இரண்டும் சுத்தம். சாபு என்ற அடி கூர்மை, கொஞ்சம் அளவுக்கு மீறியே கூர்மை. அடிக்குப் பின் நிற்கும் கார்வை நீளம். குறையெல்லாம் இடந்தலையில். 'தொம்' கேட்கிறது, ஆனால் இறங்கவில்லை. மெதுவான சௌக்க காலக் கீர்த்தனையில் பாட்டுக்குக் கீழே மெத்தை விரிக்கிற அந்த ஒலி இதில் வருவதே இல்லை. துரிதத்தில் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நாட்டியத்தில் சொற்கள் முத்துமுத்தாக விழுவதால் நட்டுவனார்களுக்குப் பிடித்திருக்கிறது. இளம் பாடகி ஒருவர், "மாமா, ரெக்கார்டிங் கேட்பது போலவே இருக்கிறது" என்றார். பாராட்டா, குறையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பராமரிப்பில்தான் எனக்குக் கோபம். தோல் மிருதங்கத்தில் மூட்டு, அதாவது தோல் முகம், போய்விட்டால் ஊரில் மிருதங்கம் செய்பவர் இருக்கிறார். பத்து நாளில் புது மூட்டு போட்டு, வார் பிடித்து, என் சுருதிக்கு நிறுத்திக் கொடுத்துவிடுவார். என் விரல் எந்த இடத்தில் விழும் என்பது அவருக்குத் தெரியும். என் கை பலம் குறைந்ததை எனக்கு முன்பே கண்டுபிடித்து, சற்று மென்மையான தோலாகப் பார்த்துப் போட்டவர் அவர். ஃபைபருக்கு அப்படி ஆள் இல்லை. கரணையின் ஓரம் பெயர்ந்தபோது செய்தவர்களுக்கே கூரியரில் தலையை அனுப்பினேன். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல். திரும்பி வருவதற்குள் இரண்டு கச்சேரிகள் போய்விட்டன. வந்த தலை முன்பைவிட விறைப்பாக இருந்தது. மென்மையாக வேண்டும் என்று கடிதமே எழுதி உள்ளே வைத்திருந்தேன். அதைப் படித்த அறிகுறி எதுவும் இல்லை. விலையும் குறைவில்லை. இதே பணத்தில் நல்ல பலா மிருதங்கம் ஒன்றை வாங்கி, அதற்குச் சில ஆண்டுகளுக்கு மூட்டு மாற்றிக்கொள்ளலாம்.

வாங்க நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கு: ஹெச்சு ஸ்தாயிக்கு மட்டும் வாங்குங்கள். ஐந்து கட்டையில் இதன் குறை அவ்வளவாகத் தெரியாது. தக்கு ஸ்தாயியில் பளிச்சென்று தெரியும். தக்குக்குப் பலா மரமே இருக்கட்டும். ஆட்டோவுக்கும் சுமை தூக்குபவருக்கும் ஆகிற பணத்தைச் சன்மானத்தோடு சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கிவிட்டேன், பாதிப் பேர் கொடுக்கிறார்கள். வீட்டுச் சாதகத்துக்கு ஃபைபரைத் தொடாதீர்கள், விரலின் ஆயுளை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரல் சொடுக்கு ஏற்கெனவே இருப்பவர், வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் கேட்டு ஒரு முழு வர்ணம் வாசித்துப் பாருங்கள். கடையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் தட்டினால் இதன் குணம் ஒன்றும் தெரியாது. ஸ்பானர் இரண்டாகக் கேளுங்கள். அந்த அளவு எங்கள் ஊர் இரும்புக்கடை எதிலும் இல்லை. எல்லாக் கடையிலும் கேட்டுவிட்டேன்.